19 கேள்விகளை விட்டுவிட்டு வந்தேன், உயிர்வேதியியலையும் விடலாமா?

வட மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு மாணவி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி, தமிழ் வழி. பிளஸ் டூ முடித்த கையோடு நீட் எழுதி மொத்தம் 268 மதிப்பெண் எடுத்திருக்கிறார். உயிரியலில் 90 கேள்விகளில் 71-க்கு விடையளித்ததில் 49 சரி, 22 தவறு. நெகட்டிவ் மார்க் பயத்தில் 19 கேள்விகளைத் தொடவே இல்லை. அதில் பத்துக்கும் மேல், 'இந்த இரண்டில் ஏதோ ஒன்று' என்கிற வரை வந்து நின்றவையாம். உயிரியலுக்கு மட்டும் தினமும் ஆறு மணி நேரம் செலவிட்டும், நான்கு கைடுகளைப் புரட்டியும் 174-தான் வந்தது என்று மனம் உடைந்திருக்கிறார். உயிர்வேதியியல் பகுதியான உயிரிமூலக்கூறுகள் பாடத்தை மட்டும் முழுதாக ஒதுக்கியிருக்கிறார். "அது கெமிஸ்ட்ரி மாதிரி இருக்கு, ரெண்டு மூணு கேள்விதானே வரும்" என்று தோழிகள் சொன்னார்களாம். இப்போது அம்மா நகையை அடகு வைத்து, விடுதியோடு கூடிய கோச்சிங் சென்டரில் சேர்க்க நினைக்கிறார். அப்பா பி.எஸ்சி. நர்சிங் சேரச் சொல்கிறார். இன்னொரு ஆண்டு முயலலாமா, ஆங்கிலத்துக்கு மாறலாமா, உயிர்வேதியியலை இந்த முறையும் விடலாமா என்பவை அவருடைய கேள்விகள். "360 எடுத்தால்தானே பாஸ், நான் பாதிகூட எடுக்கவில்லையே" என்று ஒரு வரி நடுவில் இருக்கிறது.

அன்பு மகளே, அந்த நடு வரியிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் ஃபெயில் ஆகவில்லை. நீட் தகுதிக்குப் பார்ப்பது சதவீதம் அல்ல, பெர்சன்டைல். எழுதியவர்களில் எத்தனை பேருக்கு மேலே நிற்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. பொதுப்பிரிவுக்கு 50-ஆவது பெர்சன்டைல், ஓபிசி, எஸ்சி, எஸ்டி பிரிவுகளுக்கு 40-ஆவது. 2025-இல் அது பொதுப்பிரிவுக்கு 144, மற்ற மூன்று பிரிவுகளுக்கு 113 மதிப்பெண்ணில் வந்து நின்றது. தகுதி வேறு, இடம் கிடைப்பது வேறு என்பது உண்மைதான். ஆனால் தகுதி பெறாதவர் என்று நினைத்துக்கொண்டு கலந்தாய்வுக்கே விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள். தமிழ்நாட்டு மருத்துவக் கலந்தாய்வுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். நீட் மதிப்பெண் வந்துவிட்டால் இடம் தானாகத் தேடி வராது.

முதலில் அந்த 22 தவறுகளைப் பிரித்துப் பாருங்கள்

புதுப் புத்தகமோ புது கோச்சிங்கோ வாங்குவதற்கு முன் ஒரு நாள் ஒதுக்குங்கள். தேர்வு முடிந்து வினாத்தொகுப்பை வீட்டுக்குக் கொண்டுவந்திருப்பீர்கள். நீங்கள் வட்டங்களை நிரப்பிய ஓஎம்ஆர் விடைத்தாளின் நகலையும் இறுதி விடைக்குறிப்பையும், தேர்வை நடத்தும் என்டிஏ (தேசியத் தேர்வு முகமை) வெளியிட்டிருக்கும். மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தவறான ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே ஓர் எழுத்து எழுதுங்கள். அந்த வரியையே படித்ததில்லை என்றால் 'ப'. படித்தும் மறந்தது என்றால் 'ம'. கேள்வியைச் சரியாக வாசிக்கவில்லை என்றால் 'வா'. வட்டத்தை மாற்றி நிரப்பியது என்றால் 'வ'.

நான்கு கைடு படித்தவர்களுக்குப் பெரும்பாலும் 'ம'-வும் 'வா'-வும்தான் குவியும். ஒரே செய்தியை நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்லக் கேட்டால், படித்த உணர்வு கிடைக்கும், நினைவில் நிற்காது. போதாததற்கு எண்களும் மோதும். ஒரு குளுக்கோஸ் முழுதாக ஆக்சிகரணமடைந்தால், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி எத்தனை கிடைக்கும்? ஒரு நூலில் 36, இன்னொன்றில் 38, புதிய கணக்கில் 30 முதல் 32. எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் உண்டு. ஆனால் தேர்வு அறையில் உங்களுக்குத் தேவை ஒரே எண். மத்திய அரசின் என்சிஇஆர்டி பாடநூல் 38 என்கிறது, அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

'வா' வகைத் தவறு வலிக்கும், ஆனால் சீக்கிரம் சரியாகும். "பின்வருவனவற்றுள் தவறானது எது" என்ற கேள்வியில் முதலில் தென்பட்ட சரியான கூற்றை டிக் செய்துவிட்டு வருவது இந்த வகை. 'தவறான', 'அல்லாத', 'தவிர' என்ற சொற்களைக் கண்டதும் பேனாவால் ஒரு வட்டம் போடுங்கள். பிறகு ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் ச அல்லது த என்று குறித்த பிறகே ஓஎம்ஆருக்குப் போங்கள்.

ஒரு தவறு சரியாக மாறினால் கிடைப்பது 4 அல்ல, 5. இழந்த 1-உம் திரும்பி வருகிறது. 22-இல் பாதியைச் சரிசெய்தால் 55 மதிப்பெண். மொத்த மதிப்பெண் சமமானால் தரவரிசையில் முதலில் பார்ப்பதும் உயிரியல் மதிப்பெண்ணைத்தான்.

உங்கள் கைடுகள் உறவுக்கார அக்கா 2021-இல் வாங்கியவை என்று எழுதியிருக்கிறீர்கள். அவற்றைக் கட்டி வைத்துவிடுங்கள். 2024 தேர்வுக்கு முன் தேசிய மருத்துவ ஆணையம் பாடத்திட்டத்தை மாற்றியது. செரிமானமும் உட்கிரகித்தலும், உணர்வு உறுப்புகள், தாவரங்களில் கடத்தல், கனிம ஊட்டம், சுற்றுச்சூழல் பிரச்சினைகள் முதலிய பாடங்கள் நீங்கின. தாவரக் குடும்பங்கள் சில, தவளை என்று சில பகுதிகள் சேர்ந்தன. ஆறு மணி நேரத்தில் எவ்வளவு நேரம் பாடத்திட்டத்திலேயே இல்லாத பக்கங்களுக்குப் போனதோ, நினைத்தால் எனக்கே மனம் கனக்கிறது.

உயிரிமூலக்கூறுகளை விட்டால் எவையெல்லாம் போகும்

இந்த ஒரு விஷயத்தில் உங்கள் தோழிகள் சொன்னது தவறு. அந்தப் பாடத்தின் பெயரில் வரும் கேள்விகள் சிலதான். ஆனால் அதன் வேர் தாள் முழுக்க ஓடுகிறது.

அமினோ அமிலங்களையே எடுத்துக்கொள்வோம். குளுட்டாமிக் அமிலம் அமிலத்தன்மை கொண்டது, லைசின் காரத்தன்மை கொண்டது, வாலின் நடுநிலையானது என்று பாடத்தில் ஒரே வரியில் வரும். வறண்ட வரிதான். இப்போது பன்னிரண்டாம் வகுப்பு மரபியலுக்குப் போங்கள். கதிர் அரிவாள் செல் இரத்தசோகையில் ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் இருந்த குளுட்டாமிக் அமிலம் போய் வாலின் வருகிறது. அமிலத்தன்மை உள்ளது போய் நடுநிலையானது உட்கார்ந்ததால்தான் அந்தப் புரதத்தின் நடத்தையே மாறுகிறது. அடுத்து மூலக்கூறு மரபியல். ஹிஸ்டோன் புரதங்களில் லைசினும் ஆர்ஜினினும் மிகுதி. இரண்டுமே காரத்தன்மை கொண்டவை, நேர்மின்சுமை தாங்குபவை. டிஎன்ஏயின் பாஸ்பேட் எதிர்மின்சுமை கொண்டது. அதனால்தான் டிஎன்ஏ ஹிஸ்டோன் மீது சுற்றிக்கொள்கிறது, நியூக்ளியோசோம் உருவாகிறது. உயிரித்தொழில்நுட்பத்தில் ஜெல் எலக்ட்ரோபோரெசிஸ் செய்யும்போது டிஎன்ஏ துண்டுகள் நேர்மின்வாயை நோக்கி ஓடுவதும் அதே பாஸ்பேட்டால்தான். ஒரே வரி மூன்று பாடங்களில் உங்களுக்காக வேலை செய்கிறது.

இன்னொன்று. பாமிடிக் அமிலத்தில் கார்பாக்சில் கார்பனையும் சேர்த்து 16 கார்பன் என்று உயிரிமூலக்கூறுகளில் வரும். செல் சுவாசத்தில் கொழுப்பின் சுவாச ஈவுக்கு (வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை, செலவாகும் ஆக்சிஜனால் வகுத்தால் வருவது) எடுத்துக்காட்டாக டிரைபாமிட்டின் என்ற கொழுப்பு வரும். பலர் அந்தச் சமன்பாட்டை மனப்பாடம் செய்து பாதியில் மறப்பார்கள். மூன்று பாமிடிக் அமிலம் 48 கார்பன், கிளிசரால் 3 கார்பன், ஆக 51. இரண்டு மூலக்கூறு எரிந்தால் 102 கார்பன் டை ஆக்சைடு வெளிவரும், அதற்கு 145 ஆக்சிஜன் தேவை. 102-ஐ 145-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.7. கார்போஹைட்ரேட்டுக்கு 1. கொழுப்பில் ஆக்சிஜன் அணுக்கள் ஏற்கெனவே குறைவாக இருப்பதால் வெளியிலிருந்து அதிகம் தேவைப்படுகிறது, ஈவு குறைகிறது. காரணம் புரிந்தால் எண் மறந்தாலும் விடை தப்பாது.

வேதியியல் தாளிலும் உயிரிமூலக்கூறுகள் என்று தனி அலகு உண்டு என்பதை மறக்காதீர்கள். குளுக்கோஸ், புரதம், வைட்டமின், நியூக்ளிக் அமிலம் எல்லாம் அங்கேயும் வருகின்றன.

எட்டு நாள் கொடுங்கள், தினமும் ஒன்றரை மணி நேரம். முதல் இரண்டு நாள் அமினோ அமிலம், கொழுப்பு, நியூக்ளியோடைடு. கிளைசின், அலனின், செரின் மூன்றையும் கையால் வரையுங்கள். மூன்றுக்கும் எலும்புக்கூடு ஒன்றுதான், தொங்கும் தொகுதி மட்டும் மாறும்: ஹைட்ரஜன், மெத்தில், ஹைட்ராக்ஸிமெத்தில். மூன்றாம் நாள் பாலிசாக்கரைடுகள். ஸ்டார்ச் அயோடினோடு நீலமாகிறது, செல்லுலோஸ் ஆகாது. ஸ்டார்ச்சின் சுருளுக்குள் அயோடின் தங்குகிறது, செல்லுலோஸில் அப்படிப்பட்ட சுருள் இல்லை. இனுலின் ஃபிரக்டோஸால் ஆனது. குளுக்கோஸ் என்று டிக் செய்து விழுபவர்கள் நிறைய. நான்காம் நாள் புரதம், ஐந்தும் ஆறும் நொதிகள், ஏழாம் நாள் இரண்டாம்நிலை வளர்சிதைப் பொருள் அட்டவணை, எட்டாம் நாள் 50 கேள்விகள்.

நொதிகளுக்கு ஏன் இரண்டு நாள்? அங்கேதான் மனப்பாடம் கைவிடும். சக்சினேட்டிலிருந்து ஹைட்ரஜனை எடுக்கும் சக்சினிக் டீஹைட்ரோஜினேஸ் நொதியை மலோனேட் தடுக்கிறது என்பதை எல்லோரும் எழுதிவிடுவார்கள். ஏன் தடுக்கிறது என்பதைப் படமாகப் பாருங்கள். சக்சினேட்டில் இரண்டு கார்பாக்சில் தொகுதிகளுக்கு நடுவே இரண்டு கார்பன். மலோனேட்டில் நடுவே ஒன்றுதான். ஏறக்குறைய அதே உருவம் என்பதால், தளப்பொருள் (நொதி வேலை செய்யும் பொருள், இங்கே சக்சினேட்) உட்காரும் குழியில் இதுவும் போய் உட்காரும். ஆனால் நொதியால் இதிலிருந்து ஹைட்ரஜனை எடுக்க முடியாது. இடம் மட்டும் அடைபடும். இப்போது தளப்பொருளை மிக அதிகமாகச் சேர்த்தால்? போட்டியில் தளப்பொருளே ஜெயிக்கும். அதனால் உச்ச வேகம் மாறாது. அதன் பாதி வேகத்தை எட்டவே அதிகத் தளப்பொருள் தேவைப்படும், அதாவது கே-எம் மதிப்பு கூடும். இதை ஒரு வரைபடத்தில் இரண்டு கோடுகளாக நீங்களே வரைந்துவிட்டால், கூற்று–காரணம் வடிவில் எப்படித் திருப்பிக் கேட்டாலும் தடுமாற மாட்டீர்கள்.

படிக்கும் முறையையும் மாற்றுங்கள். இரண்டு பக்கம் படித்ததும் புத்தகத்தை மூடி, வெற்றுத் தாளில் பத்து நிமிடம் நினைவிலிருந்து எழுதுங்கள். பிறகு திறந்து, விட்டதைச் சிவப்பு மையால் சேருங்கள். மறுநாள், நான்காம் நாள், பத்தாம் நாள், முப்பதாம் நாள் அந்தச் சிவப்பு வரிகளை மட்டும் மறுபடி எழுதிப் பாருங்கள். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், ஒன்றுமே தெரியவில்லை என்று தோன்றும். அடிக்கோடு போட்டுப் படித்தபோது மறைந்திருந்த ஓட்டைகள் இப்போது கண்ணில் படுகின்றன, அவ்வளவுதான்.

தமிழா, ஆங்கிலமா

தேர்வுக்குத் தமிழையே தேர்ந்தெடுங்கள். அப்படித் தேர்ந்தால் வினாத்தொகுப்பில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். ஆங்கிலத்தைத் தேர்ந்தால் ஆங்கிலம் மட்டும்தான். இரண்டும் கிடைக்கும் வசதியை ஏன் விட வேண்டும்?

ஆனால் ஒரு விதியை அறிந்துகொள்ளுங்கள். மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதி. 2018-இல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் பிழை என்று வழக்கு நடந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 கருணை மதிப்பெண் வழங்க உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. நியாயம் யார் பக்கம் என்ற கேள்வி ஒரு பக்கம் இருக்கட்டும். தேர்வு அறையில் உங்களைக் காப்பாற்றப்போவது அந்தக் கேள்வியின் ஆங்கில வரியைப் படிக்கும் திறன்தான்.

அதற்கு ஆங்கில இலக்கணம் வேண்டியதில்லை, கலைச்சொற்கள் போதும். ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: பாடநூலின் தமிழ்ச் சொல், அதன் ஆங்கிலச் சொல், ஒரு சிறு குறிப்பு. கணையத்தையும் மண்ணீரலையும், குன்றல் பகுப்பையும் சமநிலைப் பகுப்பையும் ஆங்கிலத்தில் மாற்றிப் புரிந்துகொண்டால் தெரிந்த விடையும் கையை விட்டுப் போகும். பாடத்துக்கு 25 சொல் போதும், தினமும் பத்துப் பத்தாக. என்சிஇஆர்டி நூல்களை அவர்களுடைய இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நம் மாநிலப் பாடநூலில் தமிழில் புரிந்துகொண்ட பிறகு அதே பகுதியை அங்கே ஆங்கிலத்தில் வாசியுங்கள். வரிசையை மாற்றிவிடாதீர்கள். புரியாமல் ஆங்கில வரியை உருப்போடுவது உங்களைப் போன்ற பிள்ளைகளின் ஓராண்டையே விழுங்கிவிடும்.

விட்டுவிட்ட அந்த 19

நெகட்டிவ் மார்க் பற்றிய உங்கள் பயம் கணக்குக்குப் பொருந்தவில்லை. இரண்டு விடைகளில் ஒன்று என்ற நிலையில் பத்துக் கேள்விகளைத் துணிந்து எழுதினால் சராசரியாக ஐந்து சரி, ஐந்து தவறு. 20 வந்து 5 போகும், கையில் 15 மிஞ்சும். மூன்றில் ஒன்று என்றாலும் கேள்விக்கு முக்கால் மதிப்பெண்ணுக்குச் சற்றுக் குறைவாக லாபம் உண்டு. நான்குமே புரியாத கேள்வியில் சராசரி லாபம் வெறும் கால் மதிப்பெண், ஏற்ற இறக்கமும் அதிகம். அதை விட்டுவிடலாம். ஒரு எச்சரிக்கை: நீக்கிய விடைகளை ஏன் நீக்கினீர்கள் என்று காரணம் சொல்ல முடிய வேண்டும். 'கேள்விப்பட்டதில்லை' என்பது காரணம் ஆகாது.

180 நிமிடத்தில் 180 கேள்விகள். உயிரியலின் 90-ஐ 50 நிமிடத்துக்குள் முடித்தால்தான் இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 130 நிமிடம் கிடைக்கும். ஞாயிறு மதியம் 2 மணிக்கு, நிஜத் தேர்வு நேரத்திலேயே உட்கார்ந்து பழகுங்கள். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் வட்டங்களை நிரப்புங்கள். கடைசியில் மொத்தமாக நிரப்பினால் ஒரு வரிசை தவறினாலும் பின்னால் உள்ளதெல்லாம் தவறும்.

அடகும், இன்னொரு ஆண்டும்

நீட்டை இத்தனை முறைதான் எழுதலாம் என்ற வரம்பு இல்லை, உச்ச வயது வரம்பும் இல்லை. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர் என்பதால், 2020-ஆம் ஆண்டுச் சட்டப்படி மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டில் போட்டியிடும் உரிமை உங்களுக்கு உண்டு. ஓராண்டு கழித்து எழுதுவதால் அது போய்விடாது. அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைப்பவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. ஏழு ஆண்டுப் படிப்புச் சான்றைப் பள்ளியில் இப்போதே வாங்கி வையுங்கள். கலந்தாய்வு நேரத்தில் ஓடினால் தலைமையாசிரியர் விடுப்பில் இருப்பார்.

நகையை இப்போது அடகு வைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். கோச்சிங் வீண் என்று நான் சொல்லவில்லை. இயற்பியலில் உங்களுக்கு ஆசிரியர் உதவி தேவைப்படலாம், மீதி இரண்டு தாளிலும் சேர்த்து 94-தான் வந்திருக்கிறது. ஆனால் உயிரியலுக்காக அந்தப் பணம் வேண்டாம். இரண்டு மாதம் மேலே சொன்னபடி வீட்டிலேயே செய்து, பழைய நீட் உயிரியல் தாள் ஒன்றை 50 நிமிடத்தில் எழுதிப் பாருங்கள். 174 என்பது 240-ஐத் தாண்டினால் முறை உங்களுக்குப் பிடிபட்டுவிட்டது என்று பொருள். அப்போது இயற்பியலுக்கு மட்டும் உள்ளூரில் ஒரு நல்ல ஆசிரியரைத் தேடுங்கள். 200-ஐயே தொடவில்லை என்றால் தாளை எடுத்துக்கொண்டு உங்கள் பள்ளி உயிரியல் ஆசிரியரிடம் போய், எங்கே அடைபடுகிறது என்று கேளுங்கள். அடகு பற்றிய முடிவு அதற்குப் பிறகு.

அப்பா சொல்வதையும் தட்டிவிடாதீர்கள். தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங்கும், கால்நடை மருத்துவத்தில் மாநில ஒதுக்கீட்டு இடங்களும் பிளஸ் டூ மதிப்பெண்ணில்தான் நிரப்பப்படுகின்றன. உங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணை நீங்கள் எழுதவில்லை. அது நன்றாக இருந்தால் இரண்டுக்கும் விண்ணப்பித்து வையுங்கள். விண்ணப்பிப்பதால் சேர்ந்தே ஆக வேண்டும் என்பதில்லை. சேர்ந்தபின் பாதியில் விலகினால் கட்டணம், அசல் சான்றிதழ்கள் திரும்பக் கிடைப்பது எப்படி என்பதைச் சேரும் முன்பே கல்லூரி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உயிரியல் தாளை எழுதிப் பார்த்த பிறகு வந்த மதிப்பெண்ணையும், அந்த ப, ம, வா, வ எண்ணிக்கைகளையும் எனக்கு எழுதுங்கள்.